கடைசியாக வருகிறவள்

பிற்பகல் மூன்று மணி.

இரவு இல்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. மூன்று மணி... வைகாசி மாதம்... நம் தீவின் தெற்கே, பாசேன் ப்ளான் ஏரியிலிருந்து செமின் கிரனியே ஊருக்கு இறங்குகிற மலைப்பாதை. அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது. குரங்கு நடமாட்டம் உண்டு. கீழே விழுந்து புளித்துப்போன சீனக் கொய்யா வாசனை, ஈரப் பெரணி வாசனை, எங்கோ நனைந்து நிற்கிற மானின் வாசனை. பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவனுடைய குதிகால் தெரியும், முழங்கால் தெரியாது.

விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்குங்கள். கண் கூசுகிறது. போதும்.

அதோ, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பயமே இல்லாதவன்போல வேர்க்கடலை உரிக்கிறானே தனராஜ், அவனுடைய மாமியார் பார்வதி... அந்தப் பார்வதியின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. அவர் பெயர் விநாயகம். பொய் என்று நினைக்கிறவர்கள் தனராஜையே கேட்டுக்கொள்ளலாம். மாமியார் விஷயத்தில் அவன் பொய் சொல்ல மாட்டான். தைரியம் கிடையாது.

விநாயகத்துக்கு செமின் கிரனியேயில் இரண்டு துண்டு கரும்பு நிலம். கரும்பு தானாக வளரும், பக்கத்தில் ஆள் நின்றால் அதற்குக் கூச்சம் என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலத்தைக் கரும்பிடமே விட்டுவிட்டு, பட்டணத்து மனிதர்களை மலைக்குக் கூட்டிப்போவார். ஸூயாக் ஊரில் க்ளெமான் என்று ஒரு கிரியோல்காரர். பெரிய மீசை, சின்னக் கடிகாரம். அவர்தான் காத்ர் போர்னிலும் மற்ற ஊர்களிலும் ஆள் பிடித்து வருகிறவர். ஏழு பேர், எட்டுப் பேர், ஒன்பது பேர். அருவி பார்க்கவேண்டும், கருங்காலி மரத்தைத் தொடவேண்டும், மலை உச்சியிலிருந்து தெற்குக் கடலைப் பார்த்து "ஆ" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு இறங்கவேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்கு.

விநாயகம் ஏரிக்கரையில் எல்லாரையும் உட்காரவைத்து விலாங்கு மீன் கதை சொல்வார்.

"இந்த ஏரியில ஒரு விலாங்கு இருக்கு, மதாம். தலை இந்தக் கரையில தூங்கும்போது வால் அந்தக் கரையில முழிச்சிருக்கும். ரெண்டும் ஒண்ணாத் தூங்கி யாரும் பாத்ததில்லை."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. பட்டணத்துக் கனவான்கள் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். இதெல்லாம் தீவின் கிரியோல் பாஷையில் நடந்த பேச்சு. உங்களுக்காக நம் பேச்சுக்கு மாற்றியாகிவிட்டது.

இப்போது ஒரு விஷயம் கவனமாகக் கேளுங்கள். கூட்டம் ஒற்றை வரிசையில் நடக்கும். விநாயகம் முன்னால், கையில் கொடுவாள். கடைசியில் அவருடைய சம்சாரம் பூங்காவனம். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் பித்தளைத் தேக்சா. ஏரிக்கரையில் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் சோறு பொங்குகிறவள் அவள்தான். கடைசி ஆள் வேலை லேசான வேலை இல்லை. நொண்டுகிறவரைத் தாங்கவேண்டும். கழன்று விழுந்த செருப்பை எடுக்கவேண்டும். மறந்துபோன கைக்குட்டையைப் பொறுக்கவேண்டும். மலையில் யாருடைய பொருளும் தங்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.

முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விநாயகத்தின் சட்டம். அவன் திரும்பினால் பின்னால் வருகிறவர்களும் திரும்புவார்கள், எல்லாரும் சேர்ந்து வழுக்குவார்கள். அதனால் கண்ணுக்குப் பதில் காது. ஆறு தாண்டினதும், பாறை இறங்கினதும், பூங்காவனம் இரும்புக் கரண்டியால் தேக்சாவைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால், நில்லு, ஆள் பாக்கி. இரண்டு தட்டு என்றால், எல்லாரும் வந்தாச்சு, நட.

டங்... டங்!

முதல் தட்டு மெதுவாக இருக்கும். ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறோமே, அப்படி. இரண்டாவது அழுத்தமாக இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறமாதிரி. புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. அவள் கரண்டியால் சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் இப்படி. அந்த மலையில் எத்தனை தேக்சா தட்டினாலும் தன் பெண்டாட்டியின் தட்டு எது என்று விநாயகத்துக்குத் தெரியும்.

அதுதான் பின்னால் அவரை உயிரோடு கொன்றது.

அன்றைக்கு ஒன்பது பேர். காலையிலிருந்தே தூறல். விறகெல்லாம் ஈரம். பூங்காவனம் கண்ணெல்லாம் சிவக்க ஊதி ஊதிப் பார்த்தும் சோறு நடுவில் கொஞ்சம் அரிசியாகவே நின்றுவிட்டது. ஒன்பது பேரும் மரியாதைக்காரர்கள். பேசாமல் மென்றார்கள். பேசாமல் இருக்கமுடியாத ஆள் ஒருவர்தான்.

"மிஸ்யே, துப்ப வேணாம், பத்திரமா வெச்சுக்குங்க," என்றார் விநாயகம். "மான் வந்தா துப்பாக்கியில போட்டுச் சுடலாம்."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். க்ளெமானுக்கு மீசையெல்லாம் கண்ணீர். பூங்காவனமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் விநாயகம் நினைத்தார்.

அப்புறம் ஒன்று நடந்தது. தேக்சாவின் அடியில் பிடித்த காந்தல் சோறு என்றால் விநாயகத்துக்கு உயிர். எல்லாருக்கும் போட்டபிறகு அதைச் சுரண்டி, அவருக்கென்று ஒரு இலையில் வைத்துத் தருவாள். பன்னிரண்டு வருஷத்தில் தவறினது கிடையாது. அன்றைக்குச் சுரண்டினாள். இலையில் வைத்தாள். எழுந்து போய்க் குரங்குகளுக்குப் போட்டுவிட்டாள்.

இவர் பக்கம் திரும்பாமல் சும்மாட்டைச் சுற்றத் தொடங்கினாள்.

இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஊரார் முன்னால் என் காந்தலைக் குரங்குக்குப் போடுகிறாளா! கொடுவாளை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று இறங்கத் தொடங்கினார். மழை வலுத்தது. கலே ஆற்றுக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு. காலையில் கணுக்காலுக்கு இருந்த தண்ணீர். கல்லுக்குக் கல் கால்வைத்துத் தாண்டவேண்டும். இவர் முதலில் தாண்டி, மேட்டில் ஏறி, பாதையைப் பார்த்தபடி நின்றார். முதுகுப் பக்கம் ஆறு. காதைத் தீட்டிக்கொண்டார்.

தண்ணீர் இரைச்சல்... யாரோ ஒரு அம்மாள் பயந்து சிரிக்கிற சத்தம்... அப்புறம்...

டங்! டங்!

இரண்டும் ஒரே அழுத்தம். அவசரத் தட்டு. செருமல் இல்லை.

இது பூங்காவனத்தின் கை இல்லை. அந்த நொடியிலேயே விநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன நினைத்தார்? கோபக்காரி, கரண்டியால்கூட என்னோடு பேசமாட்டேன் என்று க்ளெமான் கையில் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தார். சரி. எனக்கும் கோபம் வரும். நானும் கேட்கமாட்டேன்.

நடந்தார். வேகமாகவே நடந்தார்.

ஒன்றரை மணி நேரம். கரும்புக் காடு வந்தது. ரோடு வந்தது. அங்கே வந்து நின்றதும் பூங்காவனத்தின் தலையிலிருந்து தேக்சாவை இறக்குவது அவர் வேலை. கோபம் கோபமாக இருக்கட்டும், பாரம் பாரம்தானே. திரும்பாமலே இரண்டு கையையும் பின்னால் தூக்கி நீட்டினார்.

தேக்சா கைக்கு வந்தது. ரொம்பத் தாழ்வாக வந்தது. ஒரு ஆளின் இடுப்பு உயரத்திலிருந்து.

திரும்பினார். நீட்டிக்கொண்டிருந்தது க்ளெமான்.

"பூங்கா எங்கே, கூட்டாளி?" என்று க்ளெமான் கேட்டார். "முன்னால வந்து உன்னோட சேந்துக்கலயா?"

நடந்தது இதுதான். எல்லாரும் தாண்டியாகிவிட்டது. நட்டாற்றில் பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். ஒரு அம்மாளின் குடை அந்தப் பக்கத்துப் பாறையில் கிடந்தது. கை இரண்டும் வேண்டுமே என்று தேக்சாவை க்ளெமானிடம் கொடுத்தாள். "நீ போ, எடுத்துட்டு வந்துடறேன்" என்று கிரியோலில் சொன்னாள். க்ளெமான் கரையேறினார். தேக்சாவில் மழைத் தண்ணீர், ஓரத்தில் ஒட்டின சோறு. அதைக் கவிழ்த்து, கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி உதறினார். கை தன்பாட்டுக்குத் தட்டியது. முன்னால் விநாயகம் நடந்தார். எல்லாரும் நடந்தார்கள். பனி இறங்கி மூடியது. யாருக்கும் யாரும் தெரியவில்லை.

மூன்று நாள் தேடினார்கள். குடை கிடைத்தது. விரித்தபடி, ஒரு கம்பி வளையாமல், இரண்டு பாறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

கான் தெ மாஸ்க் ஊரிலிருந்து பூங்காவனத்தின் அண்ணன் கோபாலன் வந்தார். உடம்பு கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று நம்மவர்களிடம் வழக்கம் உண்டு. ஓலையில் ஒரு உருவம் கட்டி, அதற்குச் சேலை உடுத்தி, பெயர் சொல்லி அழைத்து, கொள்ளி வைத்துவிடுவது. அதைச் செய்யாவிட்டால் போனவர் போகவும் முடியாது, வரவும் முடியாது.

"செஞ்சிடுவோம் மாப்பிள்ளை," என்றார் கோபாலன்.

"ஆளை நான் பாக்கல மச்சான். பாக்காத ஆளுக்கு எப்படி வைக்கறது?"

ஒரு வருஷம் விநாயகம் மலைப்பக்கம் போகவில்லை. மறு வைகாசியில் க்ளெமான் வந்து வாசலில் நின்றார். மீசையை எடுத்திருந்தார். ஏழு பேர் இருக்கிறார்கள், வருகிறாயா என்று மட்டும் கேட்டார். விநாயகம் போனார். தேக்சா அதே தேக்சா. கடைசி ஆள் க்ளெமான்.

ஏரிக்கரையில் விலாங்குக் கதையைச் சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். இறங்கினார்கள். ஆறு சாதுவாகக் கணுக்காலுக்கு ஓடியது. இவர் தாண்டி, மேட்டில் ஏறி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

டங்! டங்! க்ளெமானின் தட்டு. எல்லாரும் வந்தாச்சு.

காலை எடுத்தார்.

டங்...

ஒன்றே ஒன்று. மெதுவாக. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. செருமுகிறமாதிரி.

நில்லு. ஆள் பாக்கி.

பன்னிரண்டு வருஷத்துச் சட்டத்தை உடைத்து விநாயகம் திரும்பினார். அந்தக் கரையில் பெரணியும் பனியும். இந்தக் கரையில் ஏழு பேரும் நிற்கிறார்கள், அவர்களும் கேட்டிருக்கிறார்கள், யார் அது என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். க்ளெமான் தேக்சாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கரண்டி அவர் இடுப்பில் செருகியிருக்கிறது. யாரும் தொடாத தேக்சா, அவர் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அடி வாங்கின பாத்திரம் நடுங்குமே, அப்படி.

விநாயகம் ஆற்றில் இறங்கி அந்தக் கரைக்கு ஓடினார். "பூங்கா!" என்று கூப்பிட்டார். புதரை விலக்கினார். ஈரக் கல் வாசனை. வேறொன்றும் இல்லை. இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தட்டு, பிறகு அந்தக் கரையில் ஒரு தட்டு. இவர் கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருப்பார். அரை மணி, ஒரு மணி. கூட்டம் முணுமுணுக்கும். பயப்படுகிறவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். விநாயகத்துக்கு அது பேய் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை பெண்டாட்டி பேசுகிறாள். அதற்காகவே திங்கட்கிழமையிலிருந்து ஞாயிறு எப்போது என்று எண்ணிக்கொண்டிருந்தார். கோபாலன் ஆள்மேல் ஆள் அனுப்பினார். இவர் பதில் அனுப்பவில்லை. கொள்ளி வைத்துவிட்டால் அந்த ஒரு தட்டும் போய்விடும். இருக்கிறது அது ஒன்றுதான்.

மறு வருஷம் ஆடி மாதம். காத்ர் போர்னிலிருந்து ஊகெட் என்று ஒரு பெண் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. முப்பது வயதிருக்கும். குழந்தைகளை வரிசையாக நடத்திப் பழகினவள், யாரையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாதவள். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ மழை. எல்லாரும் தாண்டியாகிவிட்டது. டங்! டங்! பிறகு அந்தக் கரையில்... டங்...

"யாரோ இருக்காங்க!" என்றாள் ஊகெட். "அங்க ஒருத்தங்களை விட்டுட்டு வந்துட்டீங்க!"

க்ளெமான் பிடிப்பதற்குள் ஆற்றில் இறங்கிவிட்டாள். மூன்றாவது கல்லில் கால் வழுக்கியது. தண்ணீர் வந்தது... பழுப்பாக, மரக்கிளையோடு, இடியைப்போல. க்ளெமான் குதித்து அவள் கூந்தலைப் பிடித்தார். விநாயகம் க்ளெமானின் இடுப்புத் துணியைப் பிடித்தார். மூன்று பேரும் ஒரு வேரைப் பிடித்துக் கரைக்கு வந்தபோது ஊகெட்டின் உதடு நீலம்.

அவள் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது: "அவங்க வந்துட்டாங்களா?"

விநாயகம் அன்றிரவே கோபாலனுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த வாரம் ஆற்றங்கரையிலேயே செய்தார்கள். கோபாலன் தாழை ஓலையும் தர்ப்பையும் கொண்டு ஆள் உயரத்துக்கு உருவம் கட்டினார். அவளுடைய நீலச் சேலையை உடுத்தினார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ வைத்தார்கள். சுமங்கலியாகப் போனவள் அல்லவா. க்ளெமான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

பெயர் சொல்லி மூன்று தடவை அழைத்தார்கள். பிறகு தூக்கி விறகின்மேல் வைக்கவேண்டும். கோபாலன் ஒரு கையால் தூக்கப்போனார். ஓலைதானே. அசையவில்லை. இரண்டு கையும் கொடுத்தார். அசையவில்லை. க்ளெமானைக் கூப்பிட்டார்கள். தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவராகப் பிடித்துத்தான் தூக்கமுடிந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விநாயகம் தீக்குச்சியைக் கிழித்தார். காற்றில்லை. அணைந்தது. இன்னொன்று. அணைந்தது. மூன்றாவதைக் கிழிக்கும்போது...

டங்...

அந்தக் கரையில் இல்லை. நட்டாற்றிலிருந்து. தாண்டி வந்துகொண்டிருக்கிறாள்.

"மாப்பிள்ளை," என்றார் கோபாலன். குரல் உடைந்துவிட்டது. "வெச்சிடு. கேட்டா வைக்கமுடியாது. வெச்சிடு."

வைத்தார்.

பற்றிக்கொண்டது. ஓலை எரிகிற வாசனை வரவில்லை. ஈரத் தலைமுடி வாசனை வந்தது. விநாயகம் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

மறு வைகாசி. எட்டுப் பேர். அதில் ஊகெட்டும் ஒருத்தி. தானாகவே கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதுவரை மலைக்குப் போகாத விநாயகம் ஏன் போனார் என்றால், மனசுக்குள் ஒரு சந்தேகம். ஒருவேளை கேட்டாலும் கேட்கலாம். ஒரு தடவை.

ஏரிக்கரையில் விலாங்குக் கதையைச் சொல்ல வாயெடுத்தார். வால் எந்தக் கரையில், தலை எந்தக் கரையில் என்று மறந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டார். இறங்கினார்கள். வழியெல்லாம் காது பின்னால், கால் முன்னால். இரண்டு தடவை தடுக்கி விழப்போனார். பின்னால் யாரும் பேசவில்லை. பத்தடி தள்ளித்தான் வந்தார்கள். ஒருவர் ஏதோ கேட்க, க்ளெமான் "உஸ்ஸ்" என்று அடக்குவது கேட்டது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டு முணுமுணுத்தார்கள். என்மேல் பரிதாபம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று க்ளெமான் சொல்லிவைத்திருப்பான் என்று விநாயகம் நினைத்துக்கொண்டார்.

ஆறு தாண்டினார். மேட்டில் நின்றார்.

டங்! டங்! க்ளெமானின் தட்டு.

நின்றார்... இன்னும் நின்றார்... ஒரு பறவை கத்தியது. தண்ணீர் ஓடியது.

இல்லை.

தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் அழுதார். அவள் வாயை மூடியவன் நான், இரண்டு தடவையும் நான்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஊகெட். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ்யே விநாயகம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு க்ளெமான் எல்லாருக்கும் சொல்லியிருக்கார். என்னால முடியல."

"என்ன?"

"நீங்க ஏன் பின்னாலயே காதை வெச்சிருக்கீங்க? அவங்க உங்களுக்கு முன்னால இல்ல போறாங்க? ஏரியிலேருந்து."

விநாயகம் முன்னால் பார்த்தார். பாதை. பெரணி. பனி.

"எப்படி இருக்கா?"

"நீலச் சேலை. தலையெல்லாம் ஈரம்."

"தலையில பாரம் இருக்கா?"

"இல்ல. வெறுங்கையா, கையை வீசிக்கிட்டுப் போறாங்க."

விநாயகத்துக்கு மூச்சு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த மூச்சு. அப்புறம், வாத்தியாரிடம் கணக்குக் கேட்கிற பையனைப்போல, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"கோவமா இருக்காளா? முதுகைப் பாத்தா தெரியும், மாம்செல். கோவம்னா எடது தோள் ஏறி நிக்கும்."

ஊகெட் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதுகு தெரியல மிஸ்யே. முகம்தான் தெரியுது. உங்களைப் பாத்துக்கிட்டேதான் நடக்கறாங்க. பின்பக்கமா. வழியெல்லாம் பின்பக்கமாவே..."

பன்னிரண்டு வருஷம் அவர் முதுகையே பார்த்து நடந்தவள்.

"வாய் அசையுது," என்றாள் ஊகெட். "என்னமோ சொல்றாங்க. காலையிலேருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. சத்தம்தான் வரல."

விநாயகம் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"அவங்களும் ஒரு அடி வெச்சாங்க. பின்னால."

நின்றார்.

"நின்னுட்டாங்க."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. முகம் இருக்கும் உயரத்துக்குக் கண்ணை நிறுத்திக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அன்றைக்கு ஆற்றிலிருந்து ரோடு வரைக்கும் விநாயகம் ஒரு தடவைகூடப் பாதையைப் பார்க்கவில்லை. தடுக்கவும் இல்லை. நடந்துகொண்டே வெற்றுக் காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார். என்ன பேசினார் என்று ஊகெட்டுக்குப் புரியவில்லை, அது நம் பாஷை. நடுவில் நடுவில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, பதில் கேட்கிறமாதிரி காத்திருந்தார். வராத பதிலுக்கு "உம்... உம்..." என்று சொல்லிக்கொண்டார்.

கரும்புக் காடு வந்தது. ரோடு தெரிந்தது.

திடீரென்று ஊகெட் கத்தினாள். "நில்லுங்க! அவங்க நின்னுட்டாங்க!"

ஒரு அடி தாமதம். விநாயகம் அந்த அடியை வைத்துவிட்டார்.

ஊகெட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விநாயகம் அசையாமல் நின்றார். குளிர் அடிக்கும், ஏதோ ஒன்று தொடும், ஏதாவது தெரியும் என்று காத்து நின்றார்.

"ஒண்ணுமே தெரியலயே," என்றார். குழந்தையைப்போல அழுதார். "ஒண்ணுமே தெரியல மாம்செல்... இப்போ எங்க இருக்கா?"

ஊகெட் விரலை விலக்கிப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். ரோட்டில் யாரும் இல்லை.

அப்புறம் விநாயகம் மலைக்குப் போகவில்லை. இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். தம்பி வீட்டில் சாப்பாடு. தம்பி மகள் பார்வதிதான், நம் தனராஜின் மாமியார், அவருக்குத் துணி துவைத்துப் போட்டவள். அவள் சொன்னது இது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

பெரியப்பாவின் சட்டையை வெயிலில் போடுவாளாம். செமின் கிரனியே வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கை காய்ந்துவிடும், காலர் காய்ந்துவிடும், முதுகு மொறமொறவென்று ஆகிவிடும். நெஞ்சில், இடது பக்கம், ஒரு இடம் மட்டும் காயாது. முதலில் சரியாகப் பிழியவில்லை என்று நினைத்தாளாம். மறுபடி பிழிந்து போட்டாளாம். புதுச்சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அதிலும் அப்படியே. அடுப்புமேல் கட்டினாலும், இஸ்திரிப்பெட்டி போட்டாலும், மாட்டிக்கொண்ட அரை நாழிகையில் அந்த இடம் ஈரமாகிவிடும். ஈரக் கல் வாசனை.

பெரிய இடம் இல்லை. ஒரு பெண்பிள்ளை நெற்றியைச் சாய்த்துக்கொண்டால் எவ்வளவு நனையுமோ, அவ்வளவு.